குளவிக்கூட்டில் உங்கள் கட்டைவிரல்

அக்கா,

நேற்று கரண்டுக்காரர் வந்திருந்தார். நம் தெருவுக்கும் கரண்டு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் நீங்களும் பார்த்திருக்கலாம். கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, கொல்லைக் கதவுக்கு மேலே ஒன்று என்று பல்பு போடச் சொன்னேன். கொல்லைக்கு எதற்குப் பல்பு என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. எது மேலே விழும், எது காலில் ஏறும் என்று தெரியாமல் அந்தப் படியில் இறங்குகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஏணியில் ஏறிய மனிதர், "அம்மா, இங்கிட்டு நிலைக்கு மேல ஒரு குளவிக்கூடு இருக்கு. காஞ்சு போனதுதான், தட்டி விட்டுர்றேன்" என்றார். நான் போட்ட சத்தத்தில் பாவம், ஏணியே ஆடிவிட்டது. தட்டக் கூடாது, கத்தியை விட்டு மெதுவாக நெம்பி அப்படியே எடுத்துத் தாருங்கள் என்றேன். ஒரு மண்ணாங்கட்டிக்கு இத்தனை பவுசா என்று நினைத்திருப்பார். ஆனாலும் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நேற்று ராத்திரி முழுக்க அது ஒரு தட்டில் என் முன்னால் இருந்தது. நம் மாமியார், அயித்தை, இருந்த மட்டும் அதன்மேல் சுண்ணாம்பு படவிடவில்லை. அவருக்குப் பிறகு நீங்கள் விடவில்லை. அதனால் ஓரத்தில் அந்தத் தடம் அப்படியே இருக்கிறது. ஈர மண்ணில் அழுத்திய ஒரு கட்டைவிரல், ரேகையோடு. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. உங்கள் கை சின்னது. உங்கள் வளையல் என் கையில் ஏறாது என்று எத்தனை தரம் கேலி செய்திருப்பீர்கள். உங்கள் போட்டோ ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை, அக்கா. எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேடிப் பார்த்தால் இந்த விரல்தான் மிச்சம்.

நான் இலுப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது புதுக்கோட்டை சமஸ்தானம் போன மறு வருஷம். அதுவரை நான் இருந்தது திருச்சி பாலக்கரையில், கல் பாவிய முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடித்தனம் இருந்த வீட்டில். எனக்குத் தெரிந்த உயிர்கள் மூட்டைப்பூச்சி, கரப்பான், கொசு, பல்லி. அவ்வளவுதான். மரம் என்றால் கோயிலில் இருக்கும், காய் என்றால் கூடையில் வரும். இங்கே வந்தால் வீட்டை விடக் கொல்லை பெரிசாக இருந்தது. அவரைப் பந்தல், எலுமிச்சை, முருங்கை, கிணற்றடியில் வாழை. உங்களுக்கு ஓரகத்தியாக வந்தவளை முதல் நாளே அதற்குள் அழைத்துப் போனீர்கள். ராசா ஆட்சி போனாலும் கொல்லையில் ஒங்க அக்கா ஆட்சிதான் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் என்று நினைத்து நான் தட்டிவிடப் போனது நகர்ந்தது. பக்கத்து இலையில் பச்சையாக இன்னொரு புழு. அதைத் தொட்டதும் தலையிலிருந்து சிவப்பாக ரெண்டு கொம்பு நீட்டியது. கொம்போடு ஒரு வாடை வேறு. நான் அலறியதில் அயித்தை அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். புழுவுக்குக் கொம்பு முளைக்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அந்த இலையைக் காம்போடு கிள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, "ஒன்னும் செய்யாதுடி" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியமாக அதுதான் என் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அதை எத்தனை நூறு தரம் கேட்டேனோ. மழைக்குப் பிறகு முருங்கை மரத்துப் பட்டையே அசைவதைப் பார்த்தேன். அடி மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி, ஒன்றின்மேல் ஒன்று. நீங்கள் கம்பில் துணி சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டினீர்கள். அது பொரிகிற சத்தம் கேட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரைப் பந்தலில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று, வலைக்கு நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போலப் பின்னிவிட்டு அதன்மேலேயே காலை ரெண்டு ரெண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே நம்பி, நான் கை நிறைய உப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். "அது வாசலுக்கு அது கோலம் போட்டிருக்கு. உப்பைக் கொண்டுபோய்ப் பானையில போடு, ஒன்னும் செய்யாது" என்றீர்கள். இன்னொரு நாள் ஒரு எறும்பு இலை நுனியிலிருந்து நூல் விட்டுக் கீழே இறங்கியது. எறும்பு எங்கேயாவது நூல் விடுமா. உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். "எறும்பு வேசம் போட்டிருக்குடி, அது எட்டுக்கால் பூச்சி சாதி" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முடித்தீர்கள். கை ரெண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சொன்னீர்கள். குளிர்கிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனியில் ஒரு நாள் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தோம். அடுப்படியில் அயித்தை ஒரு தரகரோடு பேசுவது பந்தலுக்குக் கேட்டது. வல்லத்திராக்கோட்டையில் ஒரு பெண் இருக்கிறதாம், நல்ல குடும்பமாம், ரெண்டாந்தாரமாகக் கொடுக்கச் சம்மதமாம். உங்களுக்குக் கல்யாணமாகி வருஷம் பல ஆகியும் மடியில் ஒன்றும் இல்லை என்று தரகரிடம் அயித்தை சொன்னார். உங்கள் மேல் கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார். உங்களை அவருக்குப் பிடிக்கும், அதுதான் கொடுமை.

எங்கள் வீட்டுக்காரர் அன்று மத்தியானமே, ரெண்டாங்கல்யாணம் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்ததாய்ச் சொன்னார். "சட்டம் மெட்ராசுலயே இருக்கட்டும். எனக்குப் பேரனை மெட்ராசா பெத்துத் தரும்" என்று அயித்தை கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடலை மண்டியில் ஊரையே விலை பேசுகிறவருக்கு ஆத்தா முன்னால் நாக்கு எழும்பாது. அன்று நீங்கள் பறித்த கூடைக் காயை அரியும்போது பார்த்தேன். பிஞ்சு, பூ, இலை எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்திருந்தீர்கள்.

"இங்கயே இருக்கலாம்தானக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். வாரவளுக்குப் பிள்ளை பொறந்தா தூக்கி வச்சுக்கிட்டு இருக்கலாம். எனக்கு அம்புட்டுப் பெரிய மனசு இல்லடி. எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

அந்த வாரத்தில்தான் குளவி வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் போல இடுப்பு. கிணற்றடியில் துவைக்கிற கல்லோரம் தேங்கிய சேற்றை உருட்டி எடுத்து வரும், கொல்லை நிலைக்கு மேலே வைத்து ரீங்காரம் போட்டுக்கொண்டே பூசும், திரும்பப் போகும். எனக்கு அந்த வழியாகப் போகவே முடியவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக் குனிந்து ஓடுவேன். விளக்குமாற்றால் அடித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அயித்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பேச்சு பேசுற ஆத்தா. வீட்டுக்குள்ள குளவி கட்டுனா பிள்ளை உண்டாகப் போகுதுன்னு அர்த்தம். கலைச்சா வயித்துலயும் கலைஞ்சு போகும். மண்ணைப் பாரு, செவப்பா இருக்கு. ஆம்பளப் பிள்ளை."

சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தார். இதை எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள், ஆனால் அயித்தை நம்பியதைப் போல நம்பி நான் யாரையும் பார்த்ததில்லை. ஆடியில் எப்படியும் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது, ஆவணி வரைக்கும் பொறுப்போம் என்று வல்லத்திராக்கோட்டைக்குச் சொல்லி அனுப்பினார். கதவை மெதுவாச் சாத்துங்கடி என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. நீங்கள் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கூட்டைத்தான் பார்த்தீர்கள். எனக்கோ அதன் கீழே நிற்கவும் பயம், அது விழுந்துவிடுமோ என்றும் பயம்.

விழத்தான் செய்தது. ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு நாள். அயித்தை குடுமியான்மலைக்குச் சாமி கும்பிடப் போயிருந்தார், சாயங்கால பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி. ஆண்கள் மண்டியில். நாம் ரெண்டு பேரும் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். கதவுக்குக் கொக்கி போட்டுத்தான் இருந்தது. காற்று கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு கதவை நிலையில் அறைந்தது. வீடே அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஏதோ பொத்தென்று விழுகிற சத்தம்.

பாதிக் கூடு தரையில் கிடந்தது. நம் ஊரில் குளவியைப் பற்றி என்ன சொல்வார்கள். எங்கிருந்தோ ஒரு புழுவைக் கொண்டுவந்து, கொட்டிக் கொட்டித் தன் பிள்ளையாக ஆக்கிக்கொள்ளும் என்பார்கள். அதைத்தான் நானும் நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் எட்டுக்கால் பூச்சிகள், அக்கா. அடுக்கடுக்காகத் திணித்திருந்தது. மஞ்சள் பட்டைக் குட்டி, பச்சை, மயிர் முளைத்த சாம்பல், அந்த எறும்பு வேஷக்காரன் கூட. கொல்லையில் நான் பார்த்து அலறிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். செத்தவை என்று நினைத்தேன். ஒன்று காலை லேசாக மடக்கியது. எல்லாம் உயிரோடு இருந்தன, ஓட மட்டும் முடியவில்லை. நடுவில் தலையும் காலும் இல்லாத ஒரு வெள்ளைப் புழு, மஞ்சள் பட்டைக்காரியின் வயிற்றில் வாயை வைத்துக்கொண்டிருந்தது.

நான் கிணற்றடிக்கு ஓடி வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் ஊர்ந்தது. கூந்தலை அவிழ்த்து உதறினேன். நீங்கள் கூப்பிட்டீர்கள். அந்தக் குரல் உங்கள் குரலாகவே இல்லை.

"வாடி. எடுத்து உள்ள வையி."

"எதைக்கா?"

"எல்லாத்தையும். புழுவையும் அதுகளையும். அது தின்னு வளரணும்ல. நான் மண்ணைக் குழைக்கிறேன், அயித்தை வாரதுக்குள்ள பூசி மூடிரணும். ஒடஞ்சதைப் பார்த்தாகன்னா அவ்வளவுதான். நாளைக்கே வல்லத்திராக்கோட்டைக்கு ஆள் போயிரும்."

"அது பிள்ளையாக்கா? உயிரோட வச்சுத் தின்னுது."

"பிள்ளைன்னா யாரையாவது தின்னுதான்டி வளரும். எடு."

"நீங்க எடுங்கக்கா. ஒங்களுக்குத்தான் பயமே கெடையாதே."

ரெண்டு கையையும் என் முன்னால் நீட்டினீர்கள். விரல்கள் தனித்தனியாக நடுங்கின. நெற்றி வேர்த்து உதடு வெளுத்திருந்தது. "மொதல்லேருந்தே எனக்கும் பயந்தான்டி. சின்னதுலேருந்து. நீ வந்து இப்படி அலறுனப்புறம் ஒருத்தியாச்சும் பயப்படாம இருக்கணுமில்ல. அதான் ஒன்னும் செய்யாது ஒன்னும் செய்யாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். புழுவைக்கூட எலையோடதான் கிள்ளுவேன், நீ பார்த்ததில்லையா. இதைத் தொட என்னால முடியல. நீ எடுடி, ஒன்னைக் கும்பிடுறேன்."

முந்தானைக்குள் சுருட்டிய அந்தக் கைகள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நீங்கள் பயப்படவில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் நான் அந்தக் கொல்லையில் நடமாடிக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே இருந்த பலகையை உருவிவிட்டீர்கள். இப்போது ரெண்டு பேருமே பயந்தாங்கொள்ளி, நடுவில் ஒரு குவியல் எட்டுக்கால் பூச்சி.

இலையில் அள்ளப் பார்த்தேன், நசுங்கும் போல இருந்தது. விரலால்தான் எடுக்க வேண்டியிருந்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். முதலில் தொட்டது அந்தப் பச்சை. மெத்தென்று, சில்லென்று இருந்தது. கண்ணை மூடினால் தவறிவிடும், மூடாமல் இருக்கவும் முடியவில்லை. சாம்பல் நிறத்ததை எடுத்தபோது அதன் கால் ஒன்று மெள்ள வளைந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் கத்தவில்லை. எனக்கே அது ஆச்சரியம். சுவரில் ஒட்டியிருந்த மிச்சக் கூட்டில், முக்காலியில் ஏறி நின்று, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன். புழுவை அது வாய் வைத்திருந்த பூச்சியோடு சேர்த்து வைத்தேன். இறங்கினேன்.

பிறகு நீங்கள் ஏறினீர்கள். குளவி எடுத்த அதே துவைக்கிற கல் சேறு. விழுந்த துண்டுகளை ஒட்டி, இடுக்கெல்லாம் பூசி, கடைசியில் ஓரம் பிடிக்காமல் வந்தபோது கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினீர்கள். அந்தத் தடத்தை அப்போது ரெண்டு பேருமே கவனிக்கவில்லை. ஈர மண் கறுத்துத் தெரிந்தது, பழைய மண் வெளுத்துத் தெரிந்தது. விசிறியை எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றி விசிறினோம். நிலைக்கு விசிறுகிற பைத்தியங்களை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே பஸ் ஆரன் சத்தம் கேட்டது.

அயித்தை நெற்றி நிறைய விபூதியோடு வந்து, நேரே கொல்லை வாசலுக்குத்தான் போனார். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஈரமா இருக்கே" என்றார் அயித்தை.

நான் முக்காலியைக் காலால் சுவரோரம் தள்ளினேன்.

"குளவி இன்னைக்கும் வந்து பூசுச்சாக்கும்?"

"வந்துச்சுங்க அயித்தை" என்றேன். அவ்வளவு தெளிவாக நான் அதுவரை பொய் சொன்னதில்லை. அயித்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அவருக்குக் கண் அப்போதே மங்கல். மங்கலால் தெரியவில்லையா, தெரிந்தும் அப்படிக் கேட்டாரா என்று பிற்பாடு நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அவர் போய்ச் சேருகிறவரை கேட்கிற தைரியம் நம் ரெண்டு பேருக்கும் வரவில்லை.

மறுநாள் காய்ந்ததும் விரல் தடம் பளிச்சென்று தெரிந்தது. அழிக்கப் போனால் பூசியது பெயர்ந்துவிடும். அயித்தை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஏதாவது கேட்டு அவர் பார்வையைத் திருப்புவேன். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், சின்னவளுக்கு ஞாபகமறதி என்று தெருவில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நீங்களோ உள்ளே அந்தப் புழு இருக்கிறதா செத்ததா என்று தவித்தீர்கள். ஆடி முடியப் போகிற நேரத்தில் ஒரு காலையில் பூசிய இடத்தில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வாசலில் ஒரு புதுக் குளவி இறகை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "நீ வச்ச பிள்ளை பொழைச்சிருச்சுடி" என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதீர்கள். நான் குளவியைப் பார்த்து நடுங்கிக்கொண்டே உங்களைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆனால் அக்கா, அன்றைக்கு எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். எந்தப் பூச்சிக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. குளவி சின்னவளுக்காகத்தான் கட்டியிருக்கிறது என்று அயித்தை சொல்லிவிடுவார். அதோடு உங்கள் தவணை முடிந்துவிடும். உள்ளே வளர்கிற ஒன்று உங்களைத் தின்றுதான் வளரப் போகிறது என்று தோன்றியது. ஆவணி போகட்டும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று சாமி மேல் ஆணை வைத்துக்கொண்டேன். வாந்தி அந்த ஆணையைக் கேட்கவில்லை. எலுமிச்சை மரத்தடியில் குனிந்து நின்றவளின் நெற்றியைப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை பிடித்தது.

"எத்தனை நாளாடி?"

"அது ஒங்களுக்குத்தானக்கா கட்டுச்சு" என்று அழுதேன்.

"குளவிக்கு என் பேரு தெரியுமாக்கும்" என்றீர்கள். என் வாயைத் துடைத்துவிட்டீர்கள். வேண்டாம், சொல்லாதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துத் தொங்கினேன். "மசக்கைக்காரிய மறைச்சு வச்சுப் பட்டினி போடவா சொல்ற" என்று கேட்டுவிட்டு, நேரே போய் அயித்தையிடம் நீங்களே சொன்னீர்கள். அயித்தை என் வாயில் சர்க்கரை போட்டார். அது கசந்தது. மறுநாள் உங்கள் தகரப்பெட்டி நடைக்கு வந்திருந்தது. வல்லத்திராக்கோட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று அயித்தை ஆண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நான் போய்க் கொல்லை நிலைக்குக் கீழே நின்றேன். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"அயித்தை, நான் திருச்சிக்குப் போறேன்."

"தலைப்பிரசவத்துக்குத்தான் போகணும், அதுக்கு இன்னும் நாள் கெடக்கு" என்றார்.

"பிரசவத்துக்கு இல்லைங்க. ஒரேயடியாப் போறேன். எனக்குப் பயமா இருக்கு."

"என்னத்துக்குப் பயம்?"

"இந்தக் கொல்லைக்கு. எட்டுக்கால் பூச்சிக்கு, கம்பளிக்கு, கொம்பு வச்ச புழுவுக்கு. அக்கா இருக்காகன்னுதான் நான் இந்த வீட்டுல கால் வச்சு நடக்குறேன். அவுக பெட்டியத் தூக்குனா நானும் தூக்குவேன். பிள்ளை பாலக்கரையில பொறந்து பாலக்கரையிலயே வளரும். நீங்க பஸ் ஏறி வந்து பார்த்துக்கங்க."

என் குரல் நடுங்கியது, கை நடுங்கியது, பல் கூடத் தட்டியது. நல்லவேளையாக நடுங்கியது. நான் பூச்சிக்குப் பயந்தவள் என்பது தெருவுக்கே தெரியும். நடிக்கிறாள் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடி, "இவ செய்வா ஆத்தா" என்றார். அப்போதுதான் உங்கள் வீட்டுக்காரர், அந்த ஊமை மனுஷர், இலையை மடித்துவிட்டு எழுந்தார். "வல்லத்திராக்கோட்டைக்கு யாரும் போக வேணாம் ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கொல்லைக்கு இறங்கினார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழுவினார்.

"பூச்சிக்குப் பயந்து குடும்பத்தைக் கலைப்பாளாடி ஒருத்தி" என்று அயித்தை புலம்பிக்கொண்டே படுக்கப் போனார். மறுநாள் காலையில், "பெட்டியத் தூக்கி உள்ள வைங்கடி, நடையில கெடந்து காலை இடிக்குது" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பெண் குழந்தை பிறந்தபோது, குளவிக்குக் கெடைச்ச மண்ணு அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"நெசமாவே பூச்சிக்குத்தான் பயந்தியா?" என்று அன்று பந்தலடியில் கேட்டீர்கள். பூச்சிக்கும்தான் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் பெண் உங்கள் இடுப்பில்தான் வளர்ந்தாள். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியக் கூடாது என்று, ஒன்னும் செய்யாது ஒன்னும் செய்யாது என்று கொல்லை முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தீர்கள். நான் பின்னாலிருந்து உங்கள் இன்னொரு கையைத்தான் பார்ப்பேன். அது முந்தானைக்குள் இருக்கும்.

போன வருஷம் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில், மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது அந்தக் கையை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தது. "பயமா இருக்குடி" என்றீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "ஒன்னும் செய்யாதுக்கா" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "பொய் சொல்றவ மூஞ்சியப் பாரு" என்றீர்கள். கையை மட்டும் விடவில்லை. மற்றவர்கள் திரும்பி வந்தபோது நான்தான் விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. சில்லென்று இருந்தது, அக்கா. அந்தப் பூச்சி பிடித்தது போலத்தான் பிடித்திருந்தீர்கள். அன்றும் நான் கத்தவில்லை.

இன்று காலையில் என் பெண் அவரைப் பந்தலிலிருந்து அலறினாள். இத்தனை வளர்ந்தவள். நீங்கள் போனதிலிருந்து அவளுக்கும் பயம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மஞ்சள் பட்டைக்காரி, வெள்ளைப் பின்னலோடு. என் கை ரெண்டும் தானாக முந்தானைக்குள் போய்விட்டன. "ஒன்னும் செய்யாதுடி" என்றேன். அவள் நம்பினாள்.

பிறகு துவைக்கிற கல்லடியில் கொஞ்சம் சேறு எடுத்துக் குழைத்து, முக்காலியில் ஏறி, பல்புக்குப் பக்கத்தில் உங்கள் கூட்டை மறுபடி ஒட்டினேன். பிடிக்காமல் நழுவியது. உங்கள் தடம் இருக்கிற பக்கத்தைத் தொடாமல், மறு ஓரத்தில் என் கட்டைவிரலால் அழுத்தினேன். ஈரம் இன்னும் காயவில்லை. கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.